மூக்கில் ஓவியம் இல்லாத விமானம்

2025-ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் முதல் வாரத்தில் எமது இல்லத்திற்குப் பெரியதோர் அட்டைப் பெட்டி வந்து சேர்ந்தது. சிங்கப்பூரில் பணிபுரியும் எம் மைத்துனர் தம் மருமகனுக்கென்று அனுப்பிய பரிசு அது. பெட்டியின் மேல், நான்கு பொறிகள் கொண்ட வெள்ளி நிறப் போர் விமானம் ஒன்று மேகங்களுக்கிடையே பறந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு நெருங்கியிருந்த வேளை. ஆதலால் பெட்டியைப் பிரிக்காமலே பரண்மேல் ஏற்றி, "உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிறகுதான்" என்று தீர்ப்புக் கூறிவிட்டோம். அந்த நாற்பது நாளும் இறைச்சியைத் துறந்ததைக் காட்டிலும் அப்பெட்டியைத் துறந்ததே எம் மகனுக்குப் பெரிய ஒறுத்தலாயிருந்தது என்று அவன் அன்னை இன்றும் சொல்வதுண்டு.

இக்கலையை அறியாதார்க்கு ஒரு விளக்கம் கூறல் வேண்டும். பெட்டிக்குள் விமானம் இல்லை; விமானத்தின் உறுப்புகளே உண்டு. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில், கொத்தில் காய்த்த காய்களைப் போல் அவை தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் வெட்டி, சீவி, ஒட்டி, இடைவெளிகளை அடைத்து, தேய்த்து, வண்ணம் தீட்டி முடிக்கையில்தான் விமானம் உருப்பெறும். எமக்கு வந்தது நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவுள்ளது. உண்மையான பி-29 விமானம் இறக்கை நுனிக்கு நுனி 43 மீட்டர் அகலமும் 30 மீட்டர் நீளமும் உடையது. நாற்பத்தெட்டால் வகுத்தால் அகலம் 90 சென்டிமீட்டர். நீளம் 63 சென்டிமீட்டர். எமது உணவு மேசையின் குறுக்கே வைத்தால் தட்டு வைக்க இடமிராது. வாரக்கணக்கில் நாம் பாயில் அமர்ந்தே உண்டோம்.

உயிர்ப்பு ஞாயிறு மாலை பெட்டி திறக்கப்பட்டது. மறுநாள் நண்பகலில் திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்தார் என்னும் செய்தி வந்தது. அந்த வாரம் முழுவதும் தொலைக்காட்சியில் அவர் வாழ்க்கைக் காட்சிகள் வந்தவண்ணமிருந்தன. அவற்றுள் ஒன்று எம் மகன் மனத்தில் தங்கிவிட்டது. இறந்துபோன தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு, எரியூட்டும் இடத்தில் தன் முறைக்காக நெஞ்சை நிமிர்த்திக் காத்து நிற்கும் ஜப்பானியச் சிறுவன் ஒருவனின் பழைய புகைப்படம் அது. நாகசாகியில் எடுக்கப்பட்டது. 'போரின் கனி' என்னும் பொருள்படும் சொற்களைப் பின்புறம் பொறித்து, அதனைச் சிறு அட்டையாக அச்சிட்டு வழங்கச் செய்தவர் திருத்தந்தை பிரான்சிஸ். 2019-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் அவர் நாகசாகிக்கே சென்று நின்றார். அணு ஆயுதங்களைப் பயன்படுத்துவது மட்டுமன்று, வைத்திருப்பதும் அறநெறிக்கு மாறானதே என்று அன்று மாலை ஹிரோஷிமாவில் அறிவித்தார். எம் மகன் அப்படத்தை நெடுநேரம் பார்த்தான். பின்பு எழுந்து தன் மேசைக்குச் சென்றான். மேசைமேல் இருந்த பொருளுக்கும் அப்படத்துக்கும் உள்ள உறவை அன்று அவனும் அறியான், நாமும் எண்ணவில்லை.

வேலை தொடங்கிற்று. முதலில் உறுப்புகளையெல்லாம் சோப்பு நீரில் கழுவி உலர்த்தினோம். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய்ப் பசை இருந்தால் வண்ணம் பிடிக்காது. பின்பு உட்புறத்திற்குப் பச்சை வண்ணம். விமானியின் இருக்கை, வழிகாட்டுவோன் மேசை, கருவிகளின் முகப்பு ஆகிய அனைத்தையும் மெல்லிய தூரிகையால் ஒரு மாதிரியாகத் தீட்டி முடித்தான் எம் மகன். உடற்கூட்டின் இரு பாதிகளையும் சேர்த்து ஒட்டியவுடன் அவற்றுள் பெரும்பகுதி கண்ணுக்கு மறைந்துபோயிற்று. "யாருமே பார்க்கப்போவதில்லையே, இவ்வளவு பாடு எதற்கு?" என்று கேட்டோம். "உள்ளே இருக்கிறதென்று எனக்குத் தெரியுமே அப்பா" என்றான். மறைவாயிருப்பதைக் காணும் தந்தையைப் பற்றி மலைப்பொழிவில் வாசிக்கும்போதெல்லாம் இப்போது அந்தப் பச்சை வண்ண அறை எம் நினைவுக்கு வருகிறது.

ஒட்டுமுன் மூக்குப் பகுதிக்குள் எடை வைக்கவேண்டும். இல்லையேல், மூன்று கால்களில் நிற்கும் இவ்வகை விமானம் வாலை ஊன்றி மூக்கைத் தூக்கிக்கொள்ளும். எமது ஊர் கடற்கரை ஊர்; எடைக்குப் பஞ்சமில்லை. மீன்வலையில் கோக்கும் ஈயக் குண்டுகளை ஒரு கைப்பிடி வாங்கிவந்து, பசையில் தோய்த்து உள்ளே பதித்தோம்.

மைத்துனர் அதே பெட்டிக்குள் விமானக் குறிகள் அச்சிட்ட தனித் தாள் ஒன்றையும் வைத்திருந்தார். நீரில் ஊறவைத்து நழுவவிட்டு ஒட்டும் படங்கள் அவை. அவற்றுள் எம் மகன் விரும்பித் தேர்ந்தது ஓர் ஓவியத்தை: சிறகு முளைத்த சரக்கு ரயில் பெட்டி ஒன்று, அமெரிக்காவின் சால்ட் லேக் நகரிலிருந்து தண்டவாளத்தின் வழியே விரைவதாக வரையப்பட்ட வேடிக்கைச் சித்திரம். விமானத்தின் மூக்கில் ஒட்டவேண்டியது. விமானத்தின் பெயர் 'பாக்ஸ்கார்'. அதன் வழக்கமான தலைவர் பிரெடெரிக் பாக் என்பவரின் பெயரையும், சரக்குப் பெட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்த சொல் விளையாட்டு அது. தண்டவாளம் எங்கே போய் முடிகிறது என்று அந்தப் பொடி எழுத்துகளை அன்று நாம் வாசிக்கவில்லை.

இவ்விமானத்தைச் செய்வது எளிதன்று. பெட்டியில் வருவது சாதாரண பி-29. அதன் முதுகிலும் வயிற்றிலும் துப்பாக்கிக் கூண்டுகள் உண்டு. பாக்ஸ்காரோ தனிப்பணிக்கென எடை குறைத்துக் கட்டப்பட்ட வகை. வாலில் உள்ள துப்பாக்கிகளைத் தவிர மற்றவை அதில் இல்லை. ஆகையால் கூண்டுகளுக்கான வட்டத் துளைகளைப் பிளாஸ்டிக் தகட்டால் அடைத்து, மேலே பட்டி பூசி, வளைவுக்கு ஏற்பத் தேய்த்துச் சமன் செய்யவேண்டியிருந்தது. எந்தப் பணிக்காக இவ்வளவு எடையைக் குறைத்தனர் என்னும் கேள்வி அப்போதே எமக்குத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. கைகள் சுறுசுறுப்பாயிருக்கும்போது மனச்சான்று உறங்குவது எளிது.

வண்ணம் தீட்டும் முறையை எமக்குக் கற்றுத்தந்தவர், எம் தெருக்கோடியில் கார்களுக்கு வண்ணமடிக்கும் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி. விமானத்தைக் கையில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, பச்சையோ சாம்பலோ அடிப்பதாயிருந்தால் இது போதும். வெள்ளி அடிப்பதாயிருந்தால் இது போதாது. வெள்ளி எதையும் மறைக்காது. கீழே உள்ள கீறலைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும்." முதலில் 400 எண் வாட்டர் பேப்பர், பிறகு 800, பிறகு 1200, முடிவில் 2000. ஒவ்வொன்றையும் நீரில் நனைத்து நனைத்துத் தேய்க்கவேண்டும். அதன்மேல் பிரைமர். அதில் தெரியும் குறைகளுக்கு மீண்டும் பட்டி, மீண்டும் தேய்ப்பு. பின்பு கண்ணாடிபோல் மின்னும் கறுப்பு. கறுப்பு எவ்வளவு வழவழப்பாயிருக்கிறதோ அவ்வளவுக்கே அதன்மேல் படரும் வெள்ளி உண்மையான அலுமினியத் தகடாகத் தோன்றும். ஏர்பிரஷையும் காற்றடிக்கும் பொறியையும் அவரே இரவல் தந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

மே மாதத்தின் நடுவில், பிரைமர் அடித்து முடித்த இரவு, எம் மகன் உறங்கவில்லை. வாலில் ஒட்டவேண்டிய குறி எது, மூக்கருகே எந்த எண் என்பதைச் சரிபார்க்கப் புகுந்தவன் பாக்ஸ்காரின் வரலாற்றையே வாசித்துவிட்டான். காலையில் வந்து நின்று, "அப்பா, அந்தப் பையனின் தம்பியைக் கொன்றது நம்முடைய விமானம்தான்" என்றான். 'நம்முடைய' என்ற அச்சொல் எம்மைச் சுட்டது.

அவன் வாசித்ததை நாமும் வாசித்தோம். 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9, வியாழக்கிழமை. பசிபிக் பெருங்கடலின் டினியன் தீவிலிருந்து அதிகாலை 4 மணிக்குச் சற்று முன் பாக்ஸ்கார் கிளம்பியது. அன்று அதனைச் செலுத்தியவர் பாக் அல்லர். 25 வயதுடைய மேஜர் சார்லஸ் ஸ்வீனி. வயிற்றில் 4,600 கிலோவுக்கும் மிகுந்த எடையுள்ள புளுட்டோனியக் குண்டு. குறித்த நகரம் நாகசாகி அன்று, கோகுரா. அங்கே மேகமும் புகையும் சூழ்ந்து இலக்கு தெரியாமற்போகவே, மும்முறை முயன்றபின் விமானம் இரண்டாம் இலக்கான நாகசாகிக்குத் திரும்பியது. குண்டை விடுவித்த வீரர் கெர்மிட் பீஹானுக்கு அன்று 27-ஆம் பிறந்தநாள். குண்டு, குறித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் விலகி, காலை 11 மணி 2 நிமிடத்திற்கு உராகாமி என்னும் பகுதியின் மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் வெடித்தது.

உராகாமி எது? கத்தோலிக்க இல்லங்களில் இந்தப் பெயர் அறியப்பட்டிருக்கவேண்டும். எமது முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 1542-ஆம் ஆண்டு முதல் ஊர் ஊராக நடந்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டித் தமிழில் செபம் கற்பித்த அதே புனித சவேரியார்தாம் 1549-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், அன்னையின் விண்ணேற்பு விழாவன்று, ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். நம்பிக்கை வகையில் அவர்களும் நாமும் ஒரு தந்தையின் பிள்ளைகள். 1614-இல் அங்கே திருமறை தடை செய்யப்பட்டது. அதன்பின் குருக்கள் இன்றி, ஆலயம் இன்றி, திருமுழுக்கையும் சில செபங்களையும் மட்டும் காத்துக்கொண்டு ஏறத்தாழ 250 ஆண்டுகள் மறைவில் வாழ்ந்தனர் உராகாமி மக்கள். 1865-இல் நாகசாகியின் ஓவுரா ஆலயத்தில் பிரெஞ்சுக் குரு ஒருவரிடம் தம் நம்பிக்கையை வெளிப்படுத்தினர். அதன் விளைவாக 3,000-க்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டனர். அவருள் 600-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. 1873-இல் தடை நீங்கியது. திரும்பி வந்தவர்கள், எந்த ஊர்த்தலைவர் இல்லத்தில் தம் முன்னோர் திருவுருவங்களை மிதிக்குமாறு வற்புறுத்தப்பட்டனரோ அந்த நிலத்தையே வாங்கி, 1895-இல் தொடங்கிப் பேராலயம் எழுப்பினர். 1925-இல் கோபுரங்கள் நிறைவெய்தின.

அந்த வியாழக்கிழமை காலை, ஆறு நாள் கழித்து வரவிருந்த விண்ணேற்பு விழாவுக்கு ஆயத்தமாக, பேராலயத்தில் இரு குருக்கள் ஒப்புரவு அருட்சாதனம் வழங்கிக்கொண்டிருந்தனர். ஆலயம் வெடிப்பின் மையத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவில் இருந்தது. உள்ளே இருந்த எவரும் பிழைக்கவில்லை. உராகாமியின் ஏறத்தாழ 12,000 கத்தோலிக்கருள் 8,500 பேர் மாண்டனர் என்பர். நகர் முழுவதிலும் அவ்வாண்டு இறுதிக்குள் இறந்தோர் ஏறத்தாழ 74,000 பேர். மருத்துவர் தகாஷி நாகாய் தம் வீட்டின் சாம்பலைக் கிளறியபோது மனைவி மிதோரியின் எலும்புகளையும், அவற்றருகே உருகிய செபமாலையையும் கண்டெடுத்தார்.

எம் மகன் கணக்கில் தேர்ந்தவன். அவன் துயரமும் கணக்காகவே வெளிப்பட்டது. எஞ்சியிருந்த பட்டியை உருட்டி 6.8 சென்டிமீட்டர் நீளமும் 3.2 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள ஓர் உருண்டையைச் செய்தான். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் அந்தக் குண்டின் உருவம் அது; ஒரு சிறு கத்தரிக்காய் அளவு. அதே அளவில் வெடித்த உயரம் பத்தரை மீட்டர். எமது பங்கு ஆலயத்தின் மணிக்கூண்டளவு. பேராலயம் இருந்த தொலைவும் அவ்வளவே. எம் வாசலிலிருந்து தெருக் குழாயடி வரை. விமானம் பறந்த உயரமோ 180 மீட்டருக்கும் மேல். அந்த அளவில் மனிதர் மூன்றேகால் சென்டிமீட்டர் உயரமே இருப்பர். "அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் அவர்களுக்கு ஆட்களே தெரிந்திருக்காது அப்பா" என்றான். உருண்டையை உள்ளங்கையில் வைத்து மூடினான். முழுவதும் மறைந்துவிட்டது.

இவ்விடத்தில் எமது குற்றம் ஒன்றை வாசகர் முன் மறைக்காமல் கூறவேண்டும். நாம் சினந்தோம். எவர்மீது என்று தெரியாத சினம். "இந்தப் பொருள் இனி இந்த வீட்டில் பீடத்துக்கு எதிரே இருக்கவேண்டாம்" என்று சொல்லி, விமானத்தை இரு கையாலும் தூக்கிப் பீரோவின் மேல் திணித்தோம். 90 சென்டிமீட்டர் இறக்கை அங்கே கொள்ளவில்லை, மேலும் தள்ளினோம். வாலின் இடப்பக்கக் கிடைச் சிறகு சுவரில் மோதி முறிந்து கீழே விழுந்தது. எம் மகன் ஒன்றும் பேசாமல் அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான். போரின் கொடுமையைக் கண்டித்துப் பேசிக்கொண்டே, ஒரு பிள்ளையின் ஒரு மாத உழைப்பை நாம் உடைத்திருந்தோம்.

மூன்று வாரம் விமானம் பீரோமேல் கிடந்தது. தந்தையும் மகனும் தேவைக்கு மட்டுமே பேசினோம். அந்த மௌனத்தைக் கலைத்தவர் எம் மாமியார். 87 வயதில் எம்முடன் வாழ்ந்துவரும் அவர் மலாயாவின் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை, 1943-இல் ஜப்பானியப் படையினரால் சயாம்-பர்மா ரயில் பாதை போட அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பாத பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளருள் ஒருவர். ஓரிரவு செபமாலை முடிந்ததும் பேரன் அவரிடம் நேராகவே கேட்டான்: "ஆச்சி, அந்தக் குண்டு போட்டதால்தான் போர் முடிந்தது என்கிறார்கள். உங்கள் அப்பாவைக் கொன்றவர்கள் ஜப்பான்காரர்கள்தானே. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?"

அவர் சற்று நேரம் செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "போர் முடிந்ததென்று கேட்டபோது எங்கள் அம்மா சிரித்தாள் ராசா. அதை நான் பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன். அப்பாவைத் தண்டவாளம் போடக் கூட்டிக்கொண்டு போனவர்களை இன்றைக்கும் என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை. அதற்காகத்தான் தினமும் ஒரு பத்து மணி சொல்கிறேன். ஆனால் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற பெண்பிள்ளைகளா எங்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள்?" பிறகு எம் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, அதை எடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். ஒளித்து வைத்தால் நடந்தது நடக்காமல் போய்விடுமா?" என்றார்.

பீரோவின் மேலிருந்து எடுத்தோம். முறிந்த சிறகுக்கு இரண்டு பித்தளைக் கம்பித் துண்டுகளை உள்ளே செருகி, ஒட்டி, பட்டி பூசி, நாமே தேய்த்தோம். எம் மகனிடம் மன்னிப்புக் கேட்டோம். தந்தையர் மக்களிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நம் இல்லங்களில் குறைவு. சொற்கள் எளிதில் வரவில்லை. "பரவாயில்லை அப்பா, 800-இல் தேயுங்கள், 400 வேண்டாம்" என்றான். மன்னிப்பு அவ்வாறு வந்தது.

கறுப்பு அடித்து, ஒரு நாள் உலரவிட்டு, ஜூலையில் வெள்ளி அடித்தோம். தகடுகள் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்ட நிறமாகத் தோன்றுவதற்காக, வெள்ளியில் துளி சாம்பல் கலந்து, இடையிடையே நாடா ஒட்டி மறைத்து, மெல்ல மெல்லத் தெளித்தான் எம் மகன். வெயிலில் கொண்டுவந்து வைத்தபோது உண்மையான உலோகமாகவே மின்னிற்று. வாலருகே மட்டும், நாம் முறித்த இடத்தில், மயிரிழையளவு கோடு ஒன்று தெரிந்தது. அண்ணாச்சி சொன்னது மெய், வெள்ளி மறைக்கவில்லை. மீண்டும் தேய்த்துச் சரிசெய்யலாமா என்றோம். "இருக்கட்டும் அப்பா" என்றான்.

எஞ்சியது குறிகள். வாலில் முக்கோணத்துக்குள் 'என்' என்னும் ஆங்கில எழுத்து. தம்மை வேறொரு படைப்பிரிவாகக் காட்டப் போட்டுக்கொண்ட மாறுவேடக் குறி அது. மூக்கருகே 77 என்னும் எண். அப்புறம் அந்த ஓவியம். இப்போது தண்டவாளத்தின் முடிவில் இருந்த எழுத்துகளை வாசித்திருந்தோம்: நாகசாகி. "இதை ஒட்டக்கூடாது" என்றோம் நாம். "ஒட்டாவிட்டால் மாதிரி பொய்யாகிவிடும். டேட்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் உண்மை விமானத்தில் இந்த ஓவியம் இருக்கிறது. நமக்குப் பிடிக்காததை நீக்கினால் அது வரலாறா?" என்றான் அவன். எமக்கு விடையில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை மெய்யின் பக்கம் நின்று பேசுகையில், நமது மனவருத்தத்தைக் காரணமாகக் காட்டி அவனை வெல்வது முறையாகாது.

இரண்டு நாள் கழித்து அவனே வந்தான். 1945 ஆகஸ்டில் எடுக்கப்பட்ட படங்களையும் குறிப்புகளையும் தேடியிருந்தான். அந்த ஓவியம் குண்டு போட்ட பிறகுதான் வரையப்பட்டது. அன்று காலை டினியனிலிருந்து புறப்பட்ட விமானத்தின் மூக்கில் பெயரும் இல்லை, படமும் இல்லை; எண் மட்டுமே இருந்தது. பெயர் எழுதப்படாததாலேயே, குண்டு போட்டது 'கிரேட் ஆர்ட்டிஸ்ட்' என்னும் வேறொரு விமானம் என்று தொடக்கத்தில் செய்திகள் தவறாக வெளிவந்தன. "படம், அவர்கள் செய்து முடித்தபின் வந்த பெருமை அப்பா. நான் ஆகஸ்டு 9 காலை இருந்தபடி செய்கிறேன். அப்போது அது இல்லை. அது பொய்யும் இல்லை" என்றான். நாம் வருத்தத்தால் கேட்டதை அவன் மெய்யால் அடைந்தான்.

அவன் அன்னை ஒரு கேள்வி கேட்டார்: "அவர்களிடையே நம் குருக்கள் ஒருவரும் இல்லையா?" இருந்தார். டினியனில் அப்படையினர்க்குக் கத்தோலிக்க ஆன்ம குருவாகப் பணியாற்றியவர் ஜார்ஜ் சபெல்கா. அன்று அச்செயலுக்கு எதிராகத் தாம் ஒரு சொல்லும் சொல்லாமலிருந்ததைப் பின்னாளில் வெளிப்படையாகக் குற்றமென ஏற்று, அமைதிக்காக உழைத்து, 1992-இல் மறைந்தார். விமானத்தைச் செலுத்திய ஸ்வீனியும் கத்தோலிக்கரே. போரை முடிக்க அது தேவையாயிருந்தது என்றே கடைசிவரை வாதிட்டு, 2004-இல் மறைந்தார். மேலே இருந்தவரும் ஞாயிறுதோறும் திருப்பலி கண்டவர். கீழே இருந்தவரும் அதே நற்கருணையை உண்டவர். இதற்கு மேல் எவரையும் தீர்ப்பிட எமக்குத் துணிவில்லை. பீரோமேல் நாம் செய்தது எமக்கு நினைவிருக்கிறது.

2025 ஆகஸ்டு 9, சனிக்கிழமை. நாகசாகியில் 11 மணி 2 நிமிடம் என்பது நமக்குக் காலை 7 மணி 32 நிமிடம். 1959-இல் மீண்டும் கட்டப்பட்ட உராகாமிப் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்களில் ஒன்றில் மட்டுமே மணி இருந்தது. 1945-இல் இடிபாடுகளினின்று முழுதாய்க் கிடைத்த பழைய மணி அது, மற்றது அழிந்துபோயிற்று. 80 ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்கக் கத்தோலிக்கர் பொருளுதவியால் வார்க்கப்பட்ட புதிய மணி மற்றக் கோபுரத்தில் ஏற்றப்பட்டு, அன்று இரண்டும் ஒன்றாய் ஒலித்தன. எம் இல்லத்தில் அந்நேரத்தில் மாமியார் தொடங்கிவைக்க ஒரு பத்து மணி செபமாலை சொன்னோம். பட்டியால் உருட்டிய அந்தச் சிறு உருண்டை பீடத்தின் அடியில் இருந்தது. எம் மகன்தான் அங்கே வைத்தான்; நாம் கேட்கவில்லை.

விமானம் இப்போது கூடத்தில், அண்ணாச்சி செய்துதந்த மரப்பலகைமேல் நிற்கிறது. வருவோர் அதன் பளபளப்பை வியக்கின்றனர். விவரம் தெரிந்தவர் சிலர், "மூக்கில் ஏதோ படம் இருக்குமே?" என்று கேட்பதுண்டு. எம் மகன் அந்த வெற்றிடத்தைக் காட்டி உராகாமியின் கதையைச் சொல்லத் தொடங்குகிறான். விமானப் படையில் சேரவேண்டும் என்னும் அவன் கனவு மாறவில்லை. நாமும் அதை மாற்ற முயலவில்லை. ஆனால் கீழே மூன்றேகால் சென்டிமீட்டர் உயரமுள்ளவர்கள் நிற்கிறார்கள் என்பதை அவன் இனி மறக்கமாட்டான் என்று நம்புகிறோம்.

அன்பு வாசகர்களே, ஆண்டுதோறும் ஆகஸ்டு 15 அன்று காலைத் திருப்பலி முடிந்து ஆலய வளாகத்தில் நாட்டுக் கொடி ஏற்றிவிட்டு இல்லம் திரும்புகிறோம். அந்த விழாவுக்கு ஆயத்தமாக ஒப்புரவு அருட்சாதனம் பெற வரிசையில் நிற்கும்போது, அதே விழாவுக்கென்று அதேபோல் வரிசையில் நின்று, முறை வருமுன்னரே இறைவனிடம் சென்றுவிட்ட உராகாமிப் பங்கு மக்களுக்காக ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள். அந்த விமானத்தில் இருந்தவர்களுக்காகவும் ஒன்று.